சிமுலேஷன் மெஷ்ஷின் தரத்தை உயர்த்துவது எப்படி?

1991 ஆகஸ்ட் 23 அன்று, நார்வேயின் ஸ்டாவாங்கர் நகரை அடுத்த கான்ஸ்ஃபியோர்டு என்னும் கடற்கழியில், ஸ்லைப்னர் ஏ எரிவாயு மேடைக்காகக் கட்டப்பட்ட மாபெரும் கான்கிரீட் அடித்தளத்தை மெல்ல நீருக்குள் இறக்கிச் சோதித்துக்கொண்டிருந்தார்கள். ஏறத்தாழ 65 மீட்டர் நீர் அழுத்தத்தில் அதன் உள்ளறைச் சுவர் ஒன்று பிளந்தது. உள்ளே பாய்ந்த நீரை இறைப்பான்களால் சமாளிக்க முடியவில்லை. சிறிது நேரத்தில் அடித்தளம் முழுவதும் மூழ்கிக் கடலடியில் மோதி நொறுங்கியது. அந்த மோதலை நிலநடுக்கமானிகள் ரிக்டர் அளவில் 3 எனப் பதிவுசெய்தன. உயிரிழப்பு இல்லை என்பது பெரிய ஆறுதல். பொருளிழப்பு ஏறத்தாழ 70 கோடி அமெரிக்க டாலர்.

விசாரணை சென்று நின்ற இடங்களுள் ஒன்று, வடிவமைப்பின்போது செய்யப்பட்ட வரம்புறு கூறு கணிப்பு; அதாவது, பொருளைச் சிறு சிறு கூறுகளாகப் பிரித்து அதன் நடத்தையைக் கணினியில் கணக்கிடும் முறை. மூன்று உருளை அறைகள் சந்திக்கும் மூலைகளில் கூறுகள் போதிய எண்ணிக்கையில் இல்லை. இருந்தவையும் கோணல்மாணலான வடிவத்தில் இருந்தன. அதன் விளைவாக அங்கே நறுக்குத் தகைவு (பொருளின் அடுத்தடுத்த பகுதிகளை ஒன்றின்மேல் ஒன்று வழுக்கச் செய்யும் உள்விசையின் செறிவு) ஏறக்குறைய 47 விழுக்காடு குறைவாகக் கணிக்கப்பட்டது. அந்தக் கணிப்பை நம்பிச் சுவரின் தடிமன் நிர்ணயிக்கப்பட்டது. அதோடு கம்பிக்கட்டின் நங்கூரமும் அவ்விடத்தில் போதாமல் போனது. விபத்துக்குப் பின் கவனமாகச் செய்த மறுகணிப்பு, அந்த வடிவமைப்பு 62 மீட்டர் ஆழத்தில் உடையும் என்று காட்டியது. உண்மையில் உடைந்தது 65 மீட்டரில். கணிக்கும் முறைக்கு அந்த ஆற்றல் முன்பே இருந்தது. அதன் கையில் கொடுக்கப்பட்ட மெஷ், அதாவது அந்தக் கூறுகளின் வலைப்பின்னல்தான், அதைத் தடுத்துவிட்டது.

மெஷ்ஷின் தரத்தை உயர்த்தும் மென்பொருளை, படத்தை அழகாக்கும் கருவியாகப் பலர் கருதுகிறார்கள். அது தவறான எண்ணம் என்பதால்தான் ஸ்லைப்னரில் இருந்து தொடங்கினேன். இந்தக் கட்டுரை அந்த மென்பொருளால் கிடைக்கும் பயன்களையும், அவற்றை உண்மையாகவே பெறுவதற்கான வேலை முறையையும் விளக்குகிறது. கட்டமைப்பு, பாய்ம ஓட்டம், வெப்பம் ஆகிய எந்தத் துறையில் கணிப்பு செய்பவருக்கும் இது பொருந்தும்.

இந்த மென்பொருள் எதைச் செய்கிறது

மெஷ்ஷை உருவாக்குவது ஒரு வேலை; உருவான மெஷ்ஷைத் திருத்துவது இன்னொரு வேலை. உருவாக்கும் மென்பொருள் ஒரு பொருளின் வடிவத்தை எடுத்துக்கொண்டு, அதன் உட்புறத்தை நான்முகிகளாலோ அறுமுகிகளாலோ நிரப்புகிறது. எல்லாக் கூறுகளும் நல்ல வடிவில் அமையும் என்று அதனால் உறுதி கூற முடியாது. காரணம் எளியது. சம நான்முகியின் இருமுகக் கோணம், அதாவது அடுத்தடுத்த இரு முகங்களுக்கு இடைப்பட்ட கோணம், 70.53 பாகை, ஒரு விளிம்பைச் சுற்றி ஐந்தை வைத்தால் 360 பாகைக்குச் சற்றுக் குறைகிறது, ஆறாவதை வைக்க இடமில்லை. சம நான்முகிகளைக் கொண்டு வெளியை இடைவெளியின்றி நிரப்பவே இயலாது என்றிருக்க, எந்த மெஷ்ஷிலும் சில கூறுகள் வளைந்துகொடுத்தே ஆக வேண்டும். எவை, எங்கே, எவ்வளவு வளைந்துகொடுக்கலாம் என்பதைத் தீர்மானிப்பதுதான் திருத்தும் மென்பொருளின் பணி.

அது இரண்டு வழிகளில் இயங்குகிறது. இணைப்புகளை அப்படியே விட்டுவிட்டு, கூறுகளின் மூலைப் புள்ளிகளான கணுக்களை மட்டும் நகர்த்துவது ஒன்று. கணுக்களை நகர்த்தாமல் அவற்றுக்கிடையிலான இணைப்பை மாற்றுவது மற்றொன்று: ஒரு முகத்தைப் பகிரும் இரண்டு நான்முகிகளை, ஒரு விளிம்பைப் பகிரும் மூன்றாக மாற்றலாம், மூன்றை இரண்டாகவும் ஆக்கலாம், தேவையெனில் புதிய கணுவைச் செருகலாம், பழையதை நீக்கலாம்.

முதல் வழியில் குறிப்பிடத்தக்க மென்பொருள் மெஸ்கீட். அமெரிக்க எரிசக்தித் துறை 2001இல் தொடங்கிய சைடாக் ஆராய்ச்சித் திட்டத்தின் துணையோடு, சாண்டியா தேசிய ஆய்வகத்தை மையமாகக் கொண்டு பேட்ரிக் நப் உள்ளிட்ட ஆய்வாளர்கள் அதை உருவாக்கினார்கள். தனி மென்பொருளாக இயங்குவதைவிட, பிற கணிப்பு நிரல்களுக்குள் இணைக்கத்தக்க சி பிளஸ் பிளஸ் நூலகமாகவே அது வடிவமைக்கப்பட்டது. நப் வகுத்த இலக்கு அணி முறை, இன்று லாரன்ஸ் லிவர்மோர் ஆய்வகத்தின் எம்ஃபெம் நூலகத்திலும் மெஷ்ஷை இயன்றவரை சிறப்பாக்கும் உகப்பாக்கக் கருவியாக வாழ்கிறது. இணைப்புகளையும் மாற்ற விரும்புவோருக்கு ஜிமெஷ், அதனுள் இணைந்துள்ள நெட்ஜென் உகப்பாக்கி, பிரான்சில் உருவான எம்எம்ஜி ஆகியவை கட்டணமின்றிக் கிடைக்கின்றன. இரண்டு வழிகளையும் சேர்த்துப் பயன்படுத்தும்போது கிடைக்கும் பலன் மிகப் பெரிது. பிரையன் கிளிங்னரும் ஜொனாதன் ஷூச்சுக்கும் 2007இல் வெளியிட்ட ஆய்வில், கணு நகர்த்தல், இணைப்பு மாற்றம், கணுச் செருகல் ஆகிய மூன்றையும் மாறி மாறிச் செய்து, பெரும்பாலான மெஷ்களில் எல்லா இருமுகக் கோணங்களையும் 31 முதல் 149 பாகைக்குள் கொண்டுவந்தார்கள். மூன்றில் ஏதேனும் இரண்டை மட்டும் செய்தால் அந்த அளவு கிடைக்கவில்லை என்பதையும் அவர்கள் காட்டினார்கள்.

பயன் எங்கே தெரிகிறது

முதற்பயன், விடையின் துல்லியம். 1968இல் மிலோஷ் ஸ்லாமல் என்ற கணிதவியலாளர், முக்கோணங்களின் மிகச் சிறிய கோணம் ஓர் எல்லைக்குக் கீழே போகாதிருந்தால் வரம்புறு கூறு விடை உண்மை விடையை நோக்கிச் செல்லும் என்று நிறுவினார். 1976இல் பாபுஷ்காவும் அஜீஸும் அதைத் திருத்தி, உண்மையில் கேடு செய்வது சிறிய கோணம் அல்ல, 180 பாகையை நெருங்கும் பெரிய கோணமே என்று காட்டினார்கள். இது ஏட்டுக் கணிதம் மட்டும் அன்று. தகைவு, வெப்பப் பாய்வு, திரிபு என்று நாம் தேடும் அளவுகள் பெரும்பாலும் சாய்வு விகிதங்கள், அதாவது ஓர் அளவு இடத்துக்கு இடம் மாறும் வீதங்கள். பெரிய கோணமுள்ள கூறில் சாய்வு விகிதத்தின் பிழை கட்டுக்கடங்காமல் பெருகும். இடப்பெயர்ச்சிப் படம் கண்ணுக்கு நன்றாகத் தெரியும்போதே தகைவுப் படம் பொய் சொல்லிக்கொண்டிருக்கக்கூடும்.

இரண்டாவது, தீர்வு காணும் நேரம். சிறிய கோணங்களால் சமன்பாட்டு அணியின் நிபந்தனை எண் (தீர்ப்பது எவ்வளவு கடினம் என்பதைக் காட்டும் அளவு) உயர்கிறது. இணைச்சாய்வு முறை போன்ற, விடையைச் சுற்றுச்சுற்றாக நெருங்கும் மறுசெயல் தீர்ப்பிகளுக்குத் தேவைப்படும் சுற்றுகளின் எண்ணிக்கை அந்த எண்ணின் வர்க்கமூலத்தை ஒட்டி உயரும். ஒரே ஒரு மோசமான கூறு கூட அந்த எண்ணை மேலே தள்ளிவிடும். பாய்மக் கணிப்பில் இதே சுமை வேறு வடிவில் வருகிறது. ஓப்பன்ஃபோம் என்ற பாய்மக் கணிப்பு மென்பொருளைப் பயன்படுத்துவோர், மெஷ்ஷின் செங்குத்தின்மை (அடுத்தடுத்த கூறுகளின் மையங்களை இணைக்கும் கோடு, அவற்றின் பொதுமுகத்துக்குச் செங்குத்தான திசையிலிருந்து விலகும் கோணம்) அதிகமாக இருந்தால் அழுத்தச் சமன்பாட்டை ஒவ்வொரு படியிலும் ஒன்றிரண்டு முறை கூடுதலாகத் தீர்க்கும்படி அமைக்கிறார்கள். கணிப்பின் மிகச் செலவான பகுதியே அந்த அழுத்தச் சமன்பாடுதான். மெஷ்ஷைத் திருத்தி அந்தக் கூடுதல் சுற்றுகளைத் தவிர்த்தால், கணிப்பு முடியும்வரை ஒவ்வொரு படியிலும் நேரம் மிச்சமாகும்.

மூன்றாவது பயன், மோதல், வெடிப்பு போன்றவற்றில் ஒவ்வொரு நேரப்படியின் விடையையும் முந்தைய படியிலிருந்து நேரடியாகக் கணிக்கும் வெளிப்படை நேரப்படிக் கணிப்புகளுக்கு உரியது. கூரண்ட், ஃப்ரீட்ரிக்ஸ், லூயி ஆகியோர் 1928இல் கண்ட விதியின்படி, ஒலியலை ஒரு கூறினைக் கடக்கும் நேரத்துக்குள் நேரப்படி அடங்க வேண்டும். எஃகில் ஒலி வினாடிக்கு ஏறத்தாழ 5,000 மீட்டர் செல்கிறது. எனவே 5 மில்லிமீட்டர் கூறுக்கு நேரப்படி சுமார் 1 மைக்ரோவினாடி. அந்த மெஷ்ஷில் எங்கோ ஒரு மூலையில் 0.5 மில்லிமீட்டர் உயரமுள்ள நசுங்கிய கூறு ஒன்று இருந்துவிட்டால், முழு மாதிரியும் 0.1 மைக்ரோவினாடிப் படியில் நடக்க வேண்டும். ஓர் இரவில் முடிய வேண்டிய கணிப்பு பத்து இரவுகள் எடுக்கும். இத்தகைய ஒரே ஒரு கூறினைத் திருத்துவதற்குக் கணினிக்கு ஒரு நிமிடம்கூட ஆகாது. இவ்வளவு குறைந்த உழைப்புக்கு இவ்வளவு பெரிய பலன் தரும் வேலை கணிப்புத் துறையில் வேறு எதுவும் எனக்குத் தெரியவில்லை.

முதலில் அளந்து பாருங்கள்

எதையும் திருத்துவதற்கு முன் அளக்க வேண்டும். அளக்கும்போது சராசரியைப் பார்க்காதீர்கள். பத்து லட்சம் கூறுகள் கொண்ட மெஷ்ஷில் இருபது கூறுகள் கெட்டிருந்தால் சராசரி சிறிதும் அசையாது. ஆனால் கணிப்பை நிறுத்துவதும், விடையைக் கெடுப்பதும் அந்த இருபதுதான். பார்க்க வேண்டியவை இரண்டே: மிக மோசமான கூறின் அளவு, அது இருக்கும் இடம்.

எந்த அளவுகோலால் அளப்பது என்பதில் கவனம் தேவை. விளிம்புகளின் நீள விகிதத்தை மட்டும் பார்ப்பவர்கள் ஏமாந்துபோகும் ஒரு வடிவத்தை இங்கே தாளில் வரைந்து பாருங்கள். 1 அலகு பக்கமுள்ள ஒரு சதுரத்தின் நான்கு மூலைகளை எடுத்துக்கொண்டு, எதிரெதிரான இரண்டை மட்டும் h உயரத்துக்குத் தூக்கி, நான்கையும் இணைத்து நான்முகி ஆக்குங்கள். அதன் கன அளவு h-இல் மூன்றில் ஒரு பங்கு. h ஒன்றாக இருக்கும்போது அது மிகச் சரியான சம நான்முகி. h-ஐ 0.01 ஆக்கினால் கன அளவு நூறில் ஒரு பங்காகச் சுருங்கித் தட்டையாகிவிடுகிறது. ஆனால் மிக நீண்ட விளிம்புக்கும் மிகக் குறுகிய விளிம்புக்கும் உள்ள விகிதம் வெறும் 1.41 தான்! நீள விகித அளவுகோல் இதை நல்ல கூறு என்றே சொல்லும். இத்தகைய தட்டை நான்முகிகளை மெஷ் துறையில் ஸ்லிவர் என்பார்கள். இரு பரிமாணத்தில் மிகச் சிறிய கோணத்தை இயன்றவரை பெரிதாக்கித் தரும் டெலோனே என்ற மெஷ் உருவாக்கும் முறை, முப்பரிமாணத்தில் இவற்றைத் தாராளமாக உண்டாக்கிவிடும்.

ஆகவே நான்முகி மெஷ்ஷுக்கு இருமுகக் கோணத்தையோ, உள்வட்டக் கோளத்துக்கும் சூழ்வட்டக் கோளத்துக்கும் உள்ள ஆர விகிதத்தையோ, சராசரி விகிதம் எனப்படும் அளவையோ பாருங்கள். பின்னிரண்டும் சம நான்முகிக்கு 1 ஆகவும், தட்டையானதற்கு 0 ஆகவும் அமையும்படி வகுக்கப்பட்டவை. அறுமுகிக்கு, கூறின் மூலைகள் எவ்வளவு சிதைந்துள்ளன என்று காட்டும் அளவிடப்பட்ட ஜேக்கோபியன் ஏற்றது. அது 1 என்றால் மூலைகள் செங்கோணம், 0 என்றால் ஏதோ ஒரு மூலை தட்டையாகிவிட்டது, எதிர்மம் என்றால் கூறு உள்வெளியாகப் புரண்டுவிட்டது என்று பொருள். எதிர்ம ஜேக்கோபியன் இருந்தால் பெரும்பாலான தீர்ப்பிகள் கணிப்பையே தொடங்காது. நடைமுறையில் 0.2-க்குக் கீழே எதையும் விட்டுவைக்காமல் இருப்பது நல்ல பழக்கம்.

இவற்றை அளக்கப் புதிதாக எதையும் எழுத வேண்டியதில்லை. சாண்டியா ஆய்வகத்தின் வெர்டிக்ட் நூலகம், கணிப்பு முடிவுகளைப் படமாகக் காட்டும் பாராவியூ மென்பொருளுக்குள் மெஷ் குவாலிட்டி என்ற வடிகட்டியாக இருக்கிறது. அதில் அளவிடப்பட்ட ஜேக்கோபியனைத் தேர்ந்து மெஷ்ஷின்மேல் இயக்கி, அடுத்து த்ரெஷோல்ட் வடிகட்டியால் 0.2-க்குக் கீழுள்ள கூறுகளை மட்டும் தனியே காட்டச் சொன்னால், அவை எந்த மூலையில் கூட்டமாக இருக்கின்றன என்பது ஒரே பார்வையில் புலப்படும். ஜிமெஷ்ஷின் புள்ளிவிவரச் சாளரத்தில் பரவல் படமே கிடைக்கிறது. ஓப்பன்ஃபோமின் செக்மெஷ் கட்டளை, 70 பாகைக்கு மேல் செங்குத்தின்மை உள்ள முகங்களையும், 4-க்கு மேல் கோணல் உள்ள முகங்களையும் தனித் தொகுப்புகளாக எழுதித் தரும். இறுதியில் வரும் மெஷ் ஓகே என்ற ஒற்றை வரியைப் பார்த்து மகிழ்ந்துவிடாமல், அதற்கு மேலே உள்ள உச்ச அளவுகளைப் படியுங்கள்.

திருத்தும் வரிசை

மோசமான கூறுகள் கூட்டமாக இருக்கும் இடத்தை முதலில் பொருளின் வடிவ வரைபடத்தில் (கேட் கோப்பில்) தேடிப் பாருங்கள். பெரும்பாலும் அங்கே கண்ணுக்குத் தெரியாத குட்டி விளிம்பு ஒன்றோ, இரண்டு பரப்புகள் ஊசிமுனைபோல் சேரும் கீற்றோ இருக்கும். கணுக்களை எப்படி நகர்த்தினாலும் அந்த இடத்தைச் சீராக்க முடியாது. ஏனெனில் மெஷ் அந்த விளிம்பை மதித்தே ஆக வேண்டும். கணிப்புக்குத் தேவையில்லாத குட்டி விளிம்புகளை வரைபடத்திலேயே நீக்கிவிட்டு, மெஷ்ஷைப் புதிதாக உருவாக்குங்கள். மெஷ்ஷைத் திருத்தும் மென்பொருளோடு மணிக்கணக்கில் மல்லுக்கட்டுபவர்களில் பாதிப் பேர், உண்மையில் வரைபடக் கோளாறோடு மல்லுக்கட்டுகிறார்கள் என்பது என் கருத்து.

அதன்பின் இலக்கை முடிவுசெய்ய வேண்டும். இந்தக் கட்டுரையில் நான் மிகவும் வலியுறுத்த விரும்பும் இடம் இதுதான். எல்லாக் கூறுகளையும் சம வடிவாக்குவதே தரம் என்று மென்பொருள் இயல்பாக எண்ணிக்கொள்ளும். விமானச் சிறகின் மேற்பரப்பையோ குழாயின் சுவரையோ ஒட்டிய மெல்லிய பாய்ம அடுக்கான எல்லைப்படலத்தில், சுவருக்குச் செங்குத்தான திசையில் வேகம் மிக விரைவாக மாறுகிறது. சுவரோடு ஒட்டிய திசையில் மெல்லத்தான் மாறுகிறது. அங்கே நாமே வேண்டுமென்று சப்பையான, நீண்ட கூறுகளை அடுக்கடுக்காக வைத்திருப்போம். அவற்றில் நீள உயர விகிதம் ஆயிரத்தைத் தொட்டாலும் குற்றமில்லை. சம வடிவம் என்ற இலக்கோடு மென்பொருளை அந்தப் பகுதியில் ஏவினால், அது அடுக்குகளை உப்ப வைத்து, முதல் அடுக்கைச் சுவரிலிருந்து விலக்கி, எல்லைப்படலத்தையே அழித்துவிடும். தர அறிக்கையில் எண்கள் உயர்ந்திருக்கும். இழுவிசைக் கணிப்பு கெட்டிருக்கும்.

மெஸ்கீட்டின் இலக்கு அணி முறை இதற்காகவே பிறந்தது. ஒவ்வொரு கூறுக்கும் எந்த அளவு, எந்த வடிவம், எந்தத் திசை வேண்டும் என்பதை ஓர் அணியாகக் கொடுத்துவிட்டால், கூறின் இன்றைய நிலைக்கும் அந்த இலக்குக்கும் உள்ள வேறுபாட்டை மென்பொருள் குறைக்கும். அளவைப் பற்றிக் கவலையில்லை, வடிவம் மட்டும் போதும் என்றும் சொல்லலாம். அளவையும் வடிவத்தையும் காக்கும்படியும் சொல்லலாம். அந்த வசதி இல்லாத மென்பொருளைப் பயன்படுத்துவோர், எல்லைப்படல அடுக்குகளின் கணுக்களை அசையாதபடி பூட்டிவிட்டு, வெளிப்புறத்தை மட்டும் திருத்தச் சொல்ல வேண்டும். அதேபோல, விரிசல் முனையிலோ துளையின் விளிம்பிலோ நுணுக்கமாக்கப்பட்ட பகுதி, அளவைக் காக்காத மென்மையாக்கத்தால் பெருத்துப்போகும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

இலக்கு முடிவானபின் வேலையின் வரிசை இதுதான்: புரண்ட கூறுகளை நிமிர்த்துவது, பிறகு இணைப்பு மாற்றம், பிறகு கணு நகர்த்தல், மீண்டும் இணைப்பு மாற்றம். புரண்ட கூறுகள் இருக்கும்போது பல தர அளவுகோல்களுக்குப் பொருளே இல்லை என்பதால், நிமிர்த்துவதற்கென்று தனி அளவுகோலும் தனிக் கட்டமும் தேவை. மெஸ்கீட்டில் அதற்கு அன்டாங்கிள் என்ற தனி வழியமைப்பு இருக்கிறது. ஜிமெஷ்ஷில் வேலை செய்வோர் மெஷ் பட்டியலில் உள்ள ஆப்டிமைஸ் 3டி கட்டளையை இயக்கி, அடுத்து நெட்ஜென் உகப்பாக்கியை இயக்கி, எண்களைப் பார்த்துத் தேவையானால் மறுபடியும் இயக்கலாம். முன்னது இயல்பாக 0.3-க்குக் கீழே தரமுள்ள நான்முகிகளை மட்டும் தொடும், நல்லவற்றைக் கலைக்காது.

கணு நகர்த்தலில் மிகப் பழையதும் மிக எளியதும் லாப்லாஸ் மென்மையாக்கம். ஒவ்வொரு கணுவையும் அதன் அண்டைக் கணுக்களின் நடுப்புள்ளிக்கு நகர்த்துவது, அவ்வளவே. குவிந்த வடிவங்களில் நன்றாக வேலை செய்யும். உட்குழிந்த மூலையுள்ள வடிவத்தில், எழுத்து எல் போன்ற தகட்டை எண்ணிக்கொள்ளுங்கள், அண்டைக் கணுக்களின் நடுப்புள்ளி பொருளுக்கு வெளியே விழக்கூடும். கணு அங்கே போனதும் கூறு புரண்டுவிடும். எனவே நகர்த்திய பின் தரம் உயர்ந்தால் மட்டும் ஏற்றுக்கொள்ளும் திருந்திய லாப்லாஸ் முறையையே தேர்ந்தெடுங்கள். அதுவும் போதாத இடத்தில், தரத்தைக் கணிதச் சார்பாக எழுதி நியூட்டன் முறையாலோ இணைச்சாய்வு முறையாலோ உகப்பாக்கும் வழிகளுக்குப் போங்கள். அவை மெதுவானவை; ஆனால் முழு மெஷ்ஷுக்கும் அவற்றை இயக்க வேண்டியதில்லை. மோசமான கூறுகளையும் அவற்றைச் சுற்றிய இரண்டு மூன்று அடுக்குகளையும் மட்டும் எடுத்துக்கொடுத்தால் போதும்.

பரப்பில் இருக்கும் கணுக்களை என்ன செய்வது? முற்றிலும் பூட்டிவிட்டால் வடிவம் காக்கப்படும்; பரப்பை ஒட்டிய மோசமான கூறுகள் திருந்தாது. நகரவிட்டால், அவை பரப்பின்மேலேயே வழுக்கிச் செல்லும்படியும், விளிம்புக் கணுக்கள் விளிம்பின்மேலேயும், மூலைக் கணுக்கள் அசையாமலும் இருக்கும்படி மூல வரைபடத்தோடு கட்டிவைக்க வேண்டும். வரைபடம் கையில் இல்லாமல் மெஷ் கோப்பு மட்டும் இருந்தால் பரப்பைப் பூட்டிவிடுவதே பாதுகாப்பு.

திருத்திய பின் சரிபார்ப்பு

தர எண்கள் உயர்ந்ததா என்று பார்ப்பது சரிபார்ப்பின் தொடக்கம் மட்டுமே. மொத்தக் கன அளவையும் கூட்டிப் பாருங்கள். பரப்பைப் பூட்டியிருந்தால், கணினி எண்களை முழுதாக்கும் சிறு பிழைக்கு மேல் அது மாறக்கூடாது. இதில் நுணுக்கம் ஒன்று உண்டு: குறியோடு கூட்டினால், கூறுகள் புரண்டிருந்தாலும் கூட்டுத்தொகை மாறாது, புரண்டதன் எதிர்மக் கன அளவை அண்டைக் கூறுகளின் மிகை ஈடுகட்டிவிடும். ஆகவே குறியை நீக்கி ஒருமுறையும் கூட்டுங்கள். இரண்டு தொகைகளும் ஒன்றாக இருந்தால் புரளல் இல்லை. அடுத்து, இணைப்பு மாற்றத்துக்குப் பின் உள்வழி, வெளிவழி, சுவர் போன்ற எல்லைப் பெயர்களும், பொருள்வகைக் குறிகளும் முன்பிருந்த அதே முகங்களிலும் கூறுகளிலும் நிற்கின்றனவா என்று பார்க்க வேண்டும். கோப்பு வடிவம் மாற்றும்போது இவை தொலைவது அடிக்கடி நடக்கிறது.

பிறகு அதே கணிப்பைப் பழைய மெஷ்ஷிலும் புதிய மெஷ்ஷிலும் நடத்துங்கள். தீர்ப்பியின் சுற்று எண்ணிக்கை, நேரப்படி, உங்களுக்குத் தேவையான இறுதி அளவு ஆகிய மூன்றையும் அருகருகே எழுதிப் பாருங்கள். சுற்றுகள் குறைந்து, விடை சிறிதே மாறினால் நிம்மதி. விடை பெரிதும் மாறினால், பழைய மெஷ்ஷில் வந்த எல்லா முடிவுகளையும் ஐயத்தோடு அணுக வேண்டும் என்பதே அதன் பொருள். அப்போது மூன்று வெவ்வேறு நுணுக்கமுள்ள மெஷ்களில், ஒன்றுக்கும் அடுத்ததற்கும் குறைந்தது 1.3 மடங்கு வேறுபாடு இருக்கும்படி கணிப்பை நடத்தி, பேட்ரிக் ரோச் 1994இல் முன்வைத்த மெஷ் ஒருங்கல் குறியீட்டை (மெஷ்ஷின் நுணுக்கம் போதாமையால் விடையில் எவ்வளவு பிழை எஞ்சியிருக்கலாம் என்ற மதிப்பீட்டை) கணக்கிடுங்கள். மூன்று மெஷ்களுக்கு அதில் பாதுகாப்புக் காரணி 1.25. மூன்று மெஷ்களும் ஒரே தர வரம்புக்குள் இருந்தால்தான் அந்தக் குறியீட்டுக்குப் பொருள் உண்டு. நுணுக்கமாக்க நுணுக்கமாக்கக் கோணங்களும் மோசமாகிக்கொண்டே போனால், விடை ஒருங்குவதாகத் தோன்றுவதை நம்ப முடியாது.

இரண்டு சூழல்களுக்குக் கூடுதல் கவனம் தேவை. விளிம்புகளின் நடுவிலும் கணுக்கள் கொண்ட, பத்துக் கணு நான்முகி போன்ற இருபடிக் கூறுகளில், அந்த நடுக்கணுக்களை வளைந்த பரப்பின்மேல் வைக்கும்போது கூறு உள்ளுக்குள் மடிந்துபோகக்கூடும். நேர்விளிம்பு நான்முகியில் ஜேக்கோபியன் எங்கும் ஒரே எண். இருபடி நான்முகியில் அது முப்படிப் பல்லுறுப்புக்கோவை. மூலைகளில் மட்டும் அளந்து நேர்மம் என்று கண்டால் போதாது. இடையில் எங்கோ எதிர்மம் ஆகியிருக்கலாம். ஜிமெஷ்ஷின் அனலைஸ் மெஷ் குவாலிட்டி என்ற துணைக்கருவி, கூறு முழுவதற்கும் ஜேக்கோபியனின் கீழ் எல்லையை உறுதியாகக் கணித்துத் தருகிறது. இருபடி மெஷ்ஷுக்கு அதை இயக்காமல் கணிப்புக்குப் போகாதீர்கள்.

மற்றது, நகரும் எல்லைகள் கொண்ட கணிப்பு: இயந்திர உருளைக்குள் ஏறி இறங்கும் பிஸ்டன், இதய வால்வின் மடல், காற்றில் அதிரும் பாலம். இங்கே மெஷ் ஒவ்வொரு படியிலும் சிதைந்துகொண்டே இருக்கும்; திருத்தமும் கணிப்பின் உள்ளேயே நடக்க வேண்டும். மெஸ்கீட்டை நூலகமாக வடிவமைத்ததன் பயன் இங்கே தெளிவாகத் தெரிகிறது. தொடக்க மெஷ்ஷின் கூறு வடிவங்களையே இலக்காகக் கொடுத்துவிட்டால், எல்லை நகர நகர உட்புறக் கணுக்கள் அந்த வடிவங்களை இயன்றவரை காத்துக்கொண்டு பின்தொடரும். எல்லைப்படல அடுக்குகளும் குலையாது. இணைப்பு மாறாததால் பழைய மெஷ்ஷிலிருந்து புதியதற்கு வேகம், அழுத்தம் ஆகியவற்றை இடைக்கணித்து மாற்ற வேண்டிய தேவையும் பெரும்பாலும் எழாது. மிகக் குறைந்த தரம் நீங்கள் வைத்த வரம்பைத் தாண்டி விழும் படியில் மட்டும் கணிப்பை நிறுத்தி, மெஷ்ஷைப் புதிதாக உருவாக்கி, இடைக்கணித்துத் தொடரும்படி நிரலை எழுதுங்கள். ஒவ்வொரு படியிலும் மிக மோசமான கூறின் தரத்தையும் அதன் எண்ணையும் பதிவுக் கோப்பில் ஒரு வரியாக எழுதச் செய்யுங்கள். கணிப்பு எந்த நொடியில், எந்த மூலையில் தடுமாறத் தொடங்கியது என்பதை அந்த ஒரு வரியைக் கொண்டே கண்டுபிடித்துவிடலாம்.